ஆம்னியோ முடிந்து மூன்றாம் நாள், உள்ளாடையில் ஈரம். பயப்பட வேண்டுமா?

முதல்முறை | புதன், இரவு 9.40

வணக்கம். முதல் கர்ப்பம், இன்று 16 வாரம் 5 நாள். 12-ஆம் வாரம் எடுத்த என்டி ஸ்கேனில் குழந்தையின் கழுத்துப் பின்புற நீர் 3.6 மி.மீ. இருந்தது. டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, டவுன் சிண்ட்ரோமுக்கு 85-ல் 1 என்று கொடுத்தார்கள். ரத்தத்தில் பார்க்கிற என்ஐபிடி போதாதா என்று கேட்டோம். கழுத்து நீர் இந்த அளவு இருந்தால் நேராக ஆம்னியோ (வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துச் சோதிப்பது) செய்து, குரோமோசோம்களில் சின்னத் துண்டு கூடியோ குறைந்தோ இருக்கிறதா என்று பார்க்கிற மைக்ரோஅரேவும் சேர்த்துப் பார்ப்பதுதான் நல்லது என்றார் டாக்டர். நாங்கள் யோசித்து, அழுது, மறுபடி யோசித்து முடிப்பதற்குள் மூன்று வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

திங்கள் காலை 11 மணிக்கு ஊசி. வலி நினைத்த அளவு இல்லை. ஊசி உள்ளே போனபோது அடிவயிற்றில் ஒரு இறுக்கம், மாதவிலக்கு முதல் நாள் மாதிரி. 20 மி.லி. எடுத்தோம் என்றார்கள், ஸ்கேனில் இதயத்துடிப்பைக் காட்டினார்கள், அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை லேசான பழுப்புக் கறை, கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற வலி. செவ்வாய் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தேன்.

இன்று மதியம் தூங்கி எழுந்தபோது உள்ளாடை ஈரமாக இருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவைவிடக் கொஞ்சம் பெரியது. நிறம் இல்லை, வாடை இருக்கிறதா என்று முகர்ந்து முகர்ந்து பார்த்ததில் இப்போது எல்லாமே வாடையாகத் தெரிகிறது. மாலையில் மறுபடி கொஞ்சம். இது பனிக்குட நீரா, வெள்ளைப்படுதலா, சிறுநீரா எப்படிக் கண்டுபிடிப்பது? ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ரிசப்ஷனில் எடுத்தவர் ‘நார்மல்தான் மேடம், ரெஸ்ட் எடுங்க’ என்று வைத்துவிட்டார். அவர் யார், டாக்டரிடம் கேட்டாரா, எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று. நாத்தனார் யாரோ சொன்னதாகச் சொல்கிறார், இந்த ஊசி போட்டால் குழந்தைக்குக் கால் வளைந்து பிறக்குமாம். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது. அசைவும் இன்னும் தெரியவில்லை. முதல் ரிசல்ட் வெள்ளிக்கிழமை, முழு ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகுமாம்.

வேறு விவரம் வேண்டும் என்றால்: வயது 33, சுகர் பிபி இல்லை, ரத்தம் ஓ நெகடிவ், தைராய்டு மாத்திரை போடுகிறேன். காய்ச்சல் இல்லை.


நல்லதே_நடக்கும் | புதன், இரவு 9.58

கவலை வேண்டாம் சகோதரி. கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் 15 நாள் படுத்திருங்கள், காலுக்குக் கீழே இரண்டு தலையணை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் கசிவு தானாக நின்றுவிடும். எல்லாம் நல்லபடியாக முடியும்.


தூங்காதவள் | புதன், இரவு 10.12

முதலில் ஒரு விஷயம், மற்றதெல்லாம் அப்புறம். ரத்தம் ஓ நெகடிவ் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆன்டி-டி ஊசி போட்டார்களா? கையிலோ தொடையிலோ தனியாக ஒரு ஊசி. வயிற்றில் போட்டதைக் கேட்கவில்லை. கணவருடைய ரத்த வகை என்ன?


முதல்முறை | புதன், இரவு 10.20

கணவர் பி பாசிட்டிவ். தனியாக எந்த ஊசியும் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கர்ப்பம் உறுதியானபோதே ரத்த வகை எழுதிக் கொடுத்தோமே, ஃபைலில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எதற்கு அது?


தூங்காதவள் | புதன், இரவு 10.41

சரி, பதறாமல் படியுங்கள், நேரம் இருக்கிறது. திங்கள் காலை 11 மணி என்றால் வியாழன் காலை 11 மணியோடு 72 மணி நேரம் முடிகிறது. அதற்குள் போட வேண்டிய ஊசி அது.

நீங்கள் நெகடிவ், அவர் பாசிட்டிவ். அப்படியானால் குழந்தை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஊசி கர்ப்பப்பையைத் துளைத்துப் போகும்போது, அதுவும் நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் இன்னும் கூடுதலாக, குழந்தையின் ரத்தம் ஒரு துளி உங்கள் ரத்தத்தில் கலக்கலாம். உங்கள் உடம்பு அதை அந்நியமாக நினைத்து எதிர்ப்பொருள் செய்யப் பழகிவிட்டால், இந்தக் குழந்தைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த குழந்தைக்கு ரத்தசோகை, கடுமையான மஞ்சள்காமாலை வரை போகலாம். ஆன்டி-டி அந்தப் பழக்கம் வராமல் தடுக்கிறது. ஒருமுறை பழகிவிட்டால் பிறகு ஊசி போட்டும் பயன் இல்லை. 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும் பத்து நாள் வரை போட்டால் ஓரளவு பாதுகாப்பு உண்டு என்று போடுவார்கள், ஆனால் கையில் நேரம் இருக்கும்போது எதற்கு அந்தப் பேச்சு. நானும் நெகடிவ்தான், இரண்டு பிள்ளைகள், அதனால் இது எனக்கு மனப்பாடம்.

ஈரத்தைப் பற்றி. எனக்கு ஆம்னியோ முடிந்த மறுநாளே நீர் கசிந்தது, பேட் நனைகிற அளவுக்கு. உங்களுடையது அந்த அளவு இல்லை என்றாலும், கசிவு இருக்கிறதா இல்லையா என்பதை இந்தத் திரியில் யாராலும் சொல்ல முடியாது, ரிசப்ஷனில் இருப்பவராலும் முடியாது. சிறுநீர் கழித்துவிட்டு ஒரு சுத்தமான வெள்ளை பேட் வைத்துக்கொள்ளுங்கள். டாம்பான் வேண்டாம், உள்ளே எதையும் வைக்காதீர்கள், கழுவுகிறேன் என்று சோப்பு போட்டு உள்ளே கழுவவும் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். வெள்ளைப்படுதல் மேலே பிசுபிசுப்பாகத் தங்கும், சிறுநீர் மஞ்சளாகத் தெரியும், வாடையும் தெரியும். பனிக்குட நீர் தண்ணீர் மாதிரி உறிஞ்சிப் போய்விடும், எழுந்து நிற்கும்போதும் இருமும்போதும் திரும்பத் திரும்ப வரும். இதுவும் ஒரு குத்துமதிப்புதான். ஆஸ்பத்திரியில் கருவி வைத்து உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஒரு குச்சியில் எடுத்து டெஸ்ட் செய்வார்கள், ஸ்கேனில் நீர் அளவு பார்ப்பார்கள். மொத்தமாக அரை மணி நேர வேலை.

எனக்கு ஆறு நாள் கசிந்தது. ஸ்கேனில் ‘நீர் குறைவு’ என்று எழுதியதைப் பார்த்தபோது எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஏழாம் நாள் நின்றது. மூன்றாம் வாரம் நீர் அளவு பழையபடி. தானாகப் பனிக்குடம் உடைவது வேறு, ஊசித் துளையில் கசிவது வேறு என்று அப்போதுதான் விளக்கினார்கள். ஊசியால் வரும் கசிவு நூறில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும், பெரும்பாலும் சில நாளில் அடைபட்டுவிடும். பிள்ளைக்கு இப்போது நாலு வயது, என் லேப்டாப்பின் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நிற்கிறான்.

‘நல்லதே_நடக்கும்’ சொன்னது நல்ல மனதோடுதான், ஆனால் தண்ணீரைக் குறைப்பதெல்லாம் தயவுசெய்து வேண்டாம். இந்த வாரங்களில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர். எடுத்த 20 மி.லி. ஒன்றிரண்டு நாளில் ஊறிவிடும். நீங்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் துளை அடையப்போவதில்லை, உங்களுக்குத் தலைதான் சுற்றும். 15 நாள் படுக்கையால் பயன் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. ஒன்றிரண்டு நாள் கனம் தூக்காமல், உடலுறவு இல்லாமல் இருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருங்கள். ஃபைலில் ரத்த வகை எழுதிய பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு போங்கள்.


குரோமோசோம்_கணக்குப்பிள்ளை | புதன், இரவு 11.25

உங்கள் நீர் என் மேசைக்கு வந்திருந்தாலும் வந்திருக்கும், யார் கண்டது. மரபணு ஆய்வகத்தில் 11 வருஷம். டாக்டர் இல்லை, அதனால் கசிவு, ஆன்டி-டி எல்லாம் மேலே எழுதியவர் சொன்னபடி காலையில் போய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நாத்தனார் சொன்ன கால் விவகாரம் முழுப் பொய் இல்லை, வேறு வாரத்துக் கதை. ஒரு காலத்தில் 11, 12 வாரத்திலேயே ஆம்னியோ செய்து பார்த்தார்கள். 1998-ல் கனடாவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது, அப்படிச் சீக்கிரம் செய்தவர்களில் 1.3 சதவீதம் குழந்தைகளுக்குக் கால் பாதம் உள்பக்கம் வளைந்திருந்தது, வழக்கமான வாரங்களில் செய்தவர்களில் 0.1 சதவீதம்தான். கசிவும் கருச்சிதைவும்கூட அங்கே அதிகம். அதற்கப்புறம்தான் 15 வாரம் முடியாமல் ஆம்னியோ செய்வதில்லை என்று எல்லாரும் நின்றுகொண்டார்கள். அந்த வாரங்களில் பனிக்குடத்தின் இரண்டு சவ்வுகளும் இன்னும் சரியாக ஒட்டியிருக்காது, நீரும் குறைவு. நீங்கள் செய்தது 16 வாரம் தாண்டி. கால் உங்கள் கவலை இல்லை.

அசைவும் அப்படித்தான். முதல் கர்ப்பத்தில் 18, 20 வாரம் வரைகூடத் தெரியாமல் இருக்கலாம். இப்போது தெரியாததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

கருச்சிதைவு நூறில் ஒன்று என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அது டென்மார்க்கில் 4,606 பெண்களை வைத்துச் செய்து 1986-ல் வெளியான ஆய்விலிருந்து வந்த எண். ஊசி போட்டவர்களில் 1.7 சதவீதம், போடாதவர்களில் 0.7, வித்தியாசம் 1. அந்த 0.7 ஊசியே இல்லாமல் போனவை என்பதை மறந்துவிட்டுத்தான் ஆளாளுக்கு எண் சொல்கிறார்கள். இப்போது ஊசியும் மெல்லிசு, ஸ்கேனும் தெளிவு. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பழகிய கையாக இருந்தால் கூடுதல் ஆபத்து அரை சதவீதத்துக்கும் கீழே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இரட்டைக் குழந்தை என்றால் கணக்கு கொஞ்சம் கூடும், உங்களுக்கு அது இல்லை.

இனி ரிசல்ட். வெள்ளிக்கிழமை வருவது க்யூஎஃப்-பிசிஆர் ஆக இருக்கும். அது 13, 18, 21 மற்றும் எக்ஸ், ஒய் ஆகிய குரோமோசோம்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும். அதில் ‘நார்மல்’ என்றால் நீங்கள் பயந்த டவுன் சிண்ட்ரோம் ஏறக்குறைய முடிந்தது. எல்லா குரோமோசோமையும் எண்ணிப் பார்க்கிற கேரியோடைப் ஏன் இரண்டு வாரம் என்றால், அந்த நீரில் மிதக்கிற செல்கள் குழந்தையின் தோலிலிருந்தும் சிறுநீர்ப் பாதையிலிருந்தும் உதிர்ந்தவை, பாதிக்கு மேல் செத்த செல்கள். உயிரோடு இருப்பதைப் பொறுக்கி வளர்த்து, அது பிரிகிற நேரம் பார்த்து நிறுத்தி, கண்ணாடியில் பரப்பி எண்ண வேண்டும். சில சாம்பிள் எட்டு நாளில் தளதளவென்று வளரும், சிலது பதினைந்து நாள் ஆனாலும் சோம்பேறியாகக் கிடக்கும். தாமதம் ஆனால் குழந்தைக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இதை எத்தனை பேரிடம் போனில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. நூறில் ஒன்றுக்கும் குறைவாக வளராமலே போய்விடுவதும் உண்டு. சாம்பிளில் அம்மாவின் ரத்தம் கலந்திருந்தால் அம்மாவின் செல் வளர்ந்து குழப்பும், அதற்காகத்தான் ஊசியில் வருகிற முதல் ஒன்றிரண்டு மி.லி.யைத் தனியாக எடுத்துவிடுவார்கள், உங்களிடமும் ஒரு குழாய் ரத்தம் வாங்கியிருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

மைக்ரோஅரே பற்றி மட்டும் ஒரு முன்னெச்சரிக்கை. அது மிக நுணுக்கமாகப் பார்க்கும், அதனாலேயே சில சமயம் ‘இது என்னவென்று இப்போது சொல்ல முடியாது’ என்கிற மாற்றத்தையும் பிடித்துக்கொண்டு வரும். அப்படி ஒன்று வந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு கூகுளில் தேடாதீர்கள். மரபணு ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள்.


வெண்பனி | வியாழன், அதிகாலை 12.50

இதை எழுதலாமா என்று ஒரு மணி நேரமாக யோசித்தேன். உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை. உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

எனக்கு ஆம்னியோ எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. கசிவு இல்லை, ரத்தம் இல்லை. ஐந்தாம் நாள் உடம்பு வலி, சாயங்காலம் குளிர் நடுக்கம், 38.4 டிகிரி. வீட்டில் அந்த வாரம் எல்லாருக்கும் சளி. எனக்கும் அதுதான் என்று பாராசிட்டமால் போட்டேன், காய்ச்சல் இறங்கியது, தூங்கினேன். மறுநாளும் அதையே செய்தேன். வயிறு தொட்டால் வலித்தது, அதைக்கூட இருமியதால் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் போனபோது உள்ளே தொற்று என்றார்கள், குழந்தைக்குத் துடிப்பு இல்லை. எனக்கே நாலு நாள் ஐசியு.

இது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வருவது என்று பின்னால் சொன்னார்கள். அந்த எண்ணை வைத்து நான் என்ன செய்வது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் எங்கே போக வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்த தாளை நான் மடித்துப் பையில் போட்டேன், படிக்கவில்லை. உங்களுக்கு அந்தத் தாளே கொடுக்கவில்லை போலிருக்கிறது. நாளை போகும்போது கேட்டு வாங்குங்கள், இரவில் கூப்பிடுவதற்கு ஒரு நம்பரோடு. அடுத்த இரண்டு வாரம் 38-ஐத் தொட்டாலோ, நடுங்கினாலோ, கெட்ட வாடையோடு எதுவும் வந்தாலோ, கட்டியாக ரத்தம் வந்தாலோ, வயிற்றுவலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அந்தக் குழந்தையின் ரிசல்ட் பிறகு வந்தது. எல்லாம் நார்மல். அந்தக் கவரைத் திறந்தவர் என் கணவர், எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

டெஸ்ட் செய்திருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன் மா. அடுத்த கர்ப்பத்தில் மறுபடி செய்தேன்.


தூங்காதவள் | வியாழன், அதிகாலை 1.05

வெண்பனி, இதை எழுதியதற்கு… வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நன்றி.


முதல்முறை | வியாழன், மதியம் 1.30

எல்லாருக்கும், குறிப்பாகத் தூங்காதவள் அக்காவுக்கு. காலை 7.45-க்கே போய்விட்டோம். ரிசப்ஷனில் மறுபடி அதே ‘நார்மல்தான்’ ஆரம்பித்தது, கணவர் ஃபைலைத் திறந்து ஓ நெகடிவ் என்பதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நர்ஸ் அதைப் பார்த்ததும் முகம் மாறி உள்ளே ஓடினார். 9.50-க்கு ஆன்டி-டி போட்டுவிட்டார்கள், தொடையில். 71 மணி நேரம் ஆகிறது! டாக்டர் மன்னிப்புக் கேட்டார். ஸ்கேன் செய்கிற பிரிவும் மகப்பேறு பிரிவும் தனித்தனி, இவர்கள் போடுவார்கள் என்று அவர்கள், அவர்கள் போட்டிருப்பார்கள் என்று இவர்கள். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

ஈரம் பனிக்குட நீர் இல்லை. கருவி வைத்துப் பார்த்து, இருமச் சொல்லிப் பார்த்து, குச்சி டெஸ்டும் நெகடிவ். ஸ்கேனில் நீர் சரியான அளவு, குழந்தை கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைப்படுதல்தான், இந்த மாதங்களில் கூடுமாம். நான் முகர்ந்து பார்த்த கதையைக் கேட்டு டாக்டரே சிரித்துவிட்டார். கழுத்து நீர் அதிகமாக இருந்ததால், ரிசல்ட் நார்மலாக வந்தாலும் குழந்தையின் இதயத்தைத் தனியாக ஒரு எக்கோ ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

வெண்பனி அக்கா, தாளைக் கேட்டு வாங்கிவிட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. தெர்மாமீட்டரும் பக்கத்திலேயே.


தூங்காதவள் | வியாழன், மதியம் 2.10

அப்பாடா. ஆன்டி-டி போட்ட தேதியை ஃபைலில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த சில வாரத்தில் ஐசிடி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தால் இந்த ஊசியாலேயே பாசிட்டிவ் காட்டும், தெரியாதவர்கள் பார்த்தால் உங்களுக்கு எதிர்ப்பொருள் வந்துவிட்டது என்று கிளப்பிவிடுவார்கள். 28-ஆம் வாரம் மறுபடி ஒரு ஆன்டி-டி உண்டு, ‘ஏற்கெனவே போட்டாச்சே’ என்று யாராவது விட்டுவிடப் போகிறார்கள்.


அப்பாவாகப்போகிறவன் | வியாழன், இரவு 8.30

கணவர்கள் பக்கமிருந்து ஒரு வார்த்தை, யாரும் கேட்கவில்லை என்றாலும். எங்களுக்கு ரிசல்ட் வர 19 நாள். அந்த 19 நாளில் நாங்கள் குழந்தையைப் பற்றிப் பேசவே இல்லை. பெயர் பேசவில்லை, தொட்டில் பேசவில்லை. நான் அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், எனக்கு அக்கறையே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். 14-ஆம் நாள் இரவு ஒரு மூடியில்லாத டப்பாவுக்காக ஆரம்பித்த சண்டையில்தான் இதெல்லாம் வெளியே வந்தது. ரிசல்ட் மோசமாக வந்தால் என்ன செய்வோம் என்று ஊசிக்கு முன்பே ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், நாங்கள் பேசவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. விரல் வைத்துக்கொண்டு நின்ற உங்கள் கணவருக்கு என் கைகுலுக்கல்.


இருமுறை_ஊசி | வெள்ளி, காலை 10.15

என் கதை வேறு மாதிரி, ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற வேறு யாருக்காவது உதவும். எனக்கு 12-ஆம் வாரத்தில் சிவிஎஸ், அதாவது நஞ்சிலிருந்து துணுக்கு எடுப்பது. மூன்று நாள் ரத்தக்கசிவு இருந்தது, எனக்கு அடிவழியாக எடுத்தார்கள், அப்படி எடுத்தால் அது சகஜம் என்றார்கள், நின்றுவிட்டது. ஆனால் ரிசல்ட்டில் ‘மொசைக்’ என்று வந்தது. சில செல்லில் 16-ஆம் குரோமோசோம் மூன்று, சிலதில் இரண்டு. நாங்கள் அன்று இரவு முடிவே செய்துவிட்டோம், தொடர வேண்டாம் என்று. நல்லவேளை, ஆலோசகர் நிறுத்தினார். சிவிஎஸ்ஸில் நூறில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி வருமாம், பல சமயம் கோளாறு நஞ்சில் மட்டும் இருக்கும், குழந்தையிடம் இருக்காது. நஞ்சும் குழந்தையும் ஒரே கருவிலிருந்து வந்தாலும் ஆரம்பத்திலேயே கிளை பிரிந்துவிடுகின்றன. என்ஐபிடியும் நஞ்சிலிருந்து உதிர்கிற டிஎன்ஏவைத்தான் பார்க்கிறது, அதனால் அதிலும் இதே குழப்பம் வரும். என்ஐபிடி பாசிட்டிவ் என்றவுடனே முடிவெடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

16-ஆம் வாரம் வரை காத்திருந்து ஆம்னியோ. குழந்தையின் செல்கள் எல்லாம் சரி. ஆனால் நஞ்சு முழுசாக வேலை செய்யவில்லை, மாதம் இரண்டு தடவை வளர்ச்சி ஸ்கேன், 36 வாரத்தில் 1.9 கிலோவாகப் பிறந்தாள். இப்போது ஒல்லிதான், வாய் மட்டும் நீளம்.


முதல்முறை | வெள்ளி, மாலை 5.50

க்யூஎஃப்-பிசிஆர் வந்துவிட்டது. 13, 18, 21 எல்லாம் இரண்டிரண்டுதான். இதை மூன்று தடவை டைப் செய்து அழித்தேன், கை நடுங்குகிறது. மீதி ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.


முதல்முறை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை

சொன்னபடி திரும்பி வந்துவிட்டேன். கேரியோடைப் நார்மல். மைக்ரோஅரேயில் கணக்குப்பிள்ளை சார் எச்சரித்த அதே கதை. 16-ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இரட்டித்திருக்கிறது, ‘முக்கியத்துவம் தெளிவாகத் தெரியவில்லை’ என்று ஒரு வரி. நான் கூகுளில் தேடினேன், மன்னியுங்கள், பன்னிரண்டு மணிக்குத்தான். இல்லாத நோயெல்லாம் வந்தது. மறுநாள் ஆலோசகர் எங்கள் இரண்டு பேர் ரத்தமும் எடுத்தார். நேற்று வந்தது, அதே துண்டு அதே இடத்தில் கணவருக்கும் இருக்கிறது. 36 வயது, இன்ஜினியர், சாவியை மட்டும் தினமும் தொலைப்பார், மற்றபடி ஒரு குறையும் இல்லை. இதயத்தின் எக்கோவும் சரியாக இருந்தது.

இப்போது மாமியார் ‘என் பிள்ளைக்கு என்ன குறை, எங்கிருந்து வந்தது’ என்று தன் ரத்தத்தையும் பார்க்கச் சொல்கிறார். பார்க்கத் தேவையா?


குரோமோசோம்_கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 11.40

தேவையில்லை. நலமாக இருக்கிற அப்பாவிடமிருந்து வந்தது என்றால் தீங்கில்லாததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று ஆலோசகரும் சொல்லியிருக்கமாட்டார், ஒரே மாற்றம் ஒரு வீட்டிலேயே ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருக்கலாம். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், இன்று தெளிவில்லை என்று எழுதியதை நாலைந்து வருஷம் கழித்து வகைப்படுத்தியிருப்பார்கள், அப்போது ஒரு தடவை கேளுங்கள். மாமியாரிடம், ஆய்வகத்தில் ஏற்கெனவே வேலை குவிந்து கிடக்கிறது என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.


வெண்பனி | ஞாயிறு, மதியம் 12.15

அசைவு தெரிகிறதா?


முதல்முறை | ஞாயிறு, மதியம் 12.20

புதன்கிழமையிலிருந்து. முதலில் வாயு என்று நினைத்தேன்.